சவ்வுகளின் வழியே நீரும் உப்பும்

மும்பைத் தீவின் வடகோடியில், மாகிம் கழியை ஒட்டி அமைந்துள்ளது தாராவி. அதற்குத் தென்கிழக்கே மாதுங்காவும், கிழக்கே செம்பூரும் உள்ளன. செம்பூருக்கு அப்பால், துறைமுகத்தை நோக்கியவாறு டிராம்பே அமைந்திருக்கிறது. சில கிலோமீட்டர் தூரத்திற்குள் அடங்கும் இந்நிலப்பரப்பில் நான்கு செயல்களைக் காணலாம். தாராவியின் தோல் மண்டிகளில் பச்சைத் தோலின்மீது உப்பைப் பரப்புகின்றனர். மாகிம் கழியின் உவர்ச் சேற்றில் கண்டல் மரங்கள் பசுமையாக வளர்கின்றன. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குச் சுகாதாரப் பணியாளர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டுகிறார். டிராம்பே ஆய்வுக்கூடத்தில் கடல்நீரை மெல்லிய ஏட்டின் வழியே அழுத்தி நன்னீராக்கும் முறைகளை ஆராய்கின்றனர்.

இந்நான்கும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும். ஆயினும் நான்கிற்கும் அடிப்படையான விதி ஒன்றே. சவ்வுகளின் வழியே கரைபொருள்களும் நீரும் எவ்வாறு செல்கின்றன என்பதைக் கூறும் விதி அது. பள்ளிப் பாடநூல்களில் இது ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால், ஒரு பொட்டலம் மருந்துப் பொடியை எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்ற எளிய வினாவுக்கும் இவ்விதியே விடை தருகிறது. அவ்விடை தவறினால் குழந்தையின் உயிருக்கே இடர் நேரக்கூடும். ஆதலின் இதனை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஐயமற அறிந்திருத்தல் நலம்.

விரவல்

ஒரு கண்ணாடிக் குவளையில் அசைவற்ற நீரை வைத்து, அதனுள் ஒரு துளி மையை இடுவோம். எவரும் கலக்காமலே மை மெல்ல மெல்லப் பரவி, இறுதியில் நீர் முழுவதும் ஒரே நிறமாகிறது. ஆங்கிலத்தில் டிப்யூஷன் என வழங்கும் இந்நிகழ்ச்சியே விரவல் எனப்படும்.

இதற்குக் காரணம் மூலக்கூறுகளின் ஓயாத இயக்கம். நீரில் மிதக்கும் மகரந்தத் துணுக்குகள் இடையறாது நடுங்குவதை 1827ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார் நுண்ணோக்கியில் கண்டார். நீரின் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதால் அந்நடுக்கம் எழுகிறது என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணித முறையில் விளக்கினார். எந்த ஒரு மூலக்கூறும் தான் செல்ல வேண்டிய திசையை அறியாது. அது எப்பக்கமும் செல்லலாம். ஆயினும் நெருக்கம் மிகுந்த இடத்திலிருந்து வெளியேறுபவை பல. நெருக்கம் குறைந்த இடத்திலிருந்து திரும்பி வருபவை சில. ஆகவே, மொத்தத்தில் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கியே பொருள் நகர்கிறது. இந்நகர்ச்சியின் வேகம் செறிவு வேறுபாட்டைப் பொறுத்தது என்பதை 1855இல் அடால்ப் பிக் என்னும் ஜெர்மானிய உடலியலார் நிறுவினார்.

விரவலில் நினைவிற்கொள்ள வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. கடக்க வேண்டிய தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். நீரில் கரைந்த ஒரு சிறு மூலக்கூறு, உயிரணுவின் அகலமாகிய மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கடக்க நொடியின் இருபதில் ஒரு பங்கே போதும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 8 நிமிடமும், ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 14 மணி நேரமும் வேண்டும். ஒரு மீட்டர் தூரத்திற்கோ 16 ஆண்டுகள் செல்லும். உயிரணுக்கள் மிகச் சிறியனவாய் இருப்பதற்கும், பெரிய உடல்களுக்கு இரத்த ஓட்டம் இன்றியமையாததாய் இருப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணமாகும்.

தோல் பதனிடுவோர் இதனைக் கணக்கின்றியே அனுபவத்தால் அறிந்திருந்தனர். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழ் மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தமிழகத்தில் வழங்கிய மரபு முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றை ஊறவைத்த தொட்டிகளில் தோலை இடுவர். அவற்றிலுள்ள துவர்ப்பொருள் தோலினுள் விரவி, நாரிழைகளோடு பிணைந்து, தோல் அழுகாதவாறு செய்கிறது. மெல்லிய ஆட்டுத்தோல் விரைவில் பதமாகும். தடித்த எருமைத்தோலுக்கு அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும். மேலும், தேர்ந்த தொழிலாளி தோலை முதலில் பழகிய, வலுக்குறைந்த பட்டை நீரில் இட்டுப் பின்னரே படிப்படியாக வலுமிக்க நீருக்கு மாற்றுவார். தொடக்கத்திலேயே வலுமிக்க நீரில் இட்டால் தோலின் மேற்புறம் விரைந்து இறுகிவிடும். துவர்ப்பொருள் உள்ளே செல்ல வழியின்றி நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும்.

சவ்வூடுபரவல்

மேற்கூறிய விரவலில் கரைபொருளும் நீரும் தடையின்றிச் சென்று வருகின்றன. இடையில் ஒரு சவ்வு அமைந்து, அது நீரை மட்டும் செல்லவிட்டுக் கரைபொருளைத் தடுக்குமாயின் என்ன நிகழும்?

1748இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் நோலே என்பார் ஒரு பாத்திரத்தைச் சாராயத்தால் நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் இறுகக் கட்டி, நீருள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் அச்சவ்வு மேல்நோக்கிப் புடைத்து நின்றது. நீர் உள்ளே சென்றதேயன்றிச் சாராயம் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. பின்னர் 1820களில் தூத்ரோஷே என்பவர் இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். ஆஸ்மாசிஸ் என்ற பெயர் அவர் இட்ட பெயர்களிலிருந்து தோன்றியது. தமிழில் இதனைச் சவ்வூடுபரவல் என்கிறோம்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் தவிர்த்தல் வேண்டும். உப்பு ஒரு காந்தம் போல் நீரைத் தூரத்திலிருந்து இழுப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் சவ்வின் இருபுறமிருந்தும் நீர் மூலக்கூறுகள் எப்பொழுதும் சென்று வந்த வண்ணமே உள்ளன. தூய நீர் உள்ள புறத்தில் நீர் வெளியேறும் போக்கு முழுமையாக உள்ளது. கரைசல் உள்ள புறத்தில் கரைபொருளின் இருப்பால் அப்போக்கு குறைந்துவிடுகிறது. ஆகவே, செல்வது மிகுதியாகவும் திரும்புவது குறைவாகவும் ஆகிறது. இறுதிக் கணக்கில், நீர் கரைபொருள் குறைந்த புறத்திலிருந்து கரைபொருள் மிகுந்த புறத்திற்குச் செல்கிறது.

நீர் அவ்வாறு செல்வதைத் தடுத்து நிறுத்துவதற்குக் கரைசலின்மீது செலுத்த வேண்டிய அழுத்தமே சவ்வூடுபரவல் அழுத்தம் எனப்படும். 1877இல் ஜெர்மானியத் தாவரவியலார் பெபர் இதனை நுட்பமாக அளந்தார். நூற்றுக்கு ஒரு பங்கு கரும்புச் சர்க்கரை கலந்த கரைசலே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு அழுத்தத்தை, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் எடைக்கு ஒப்பான அழுத்தத்தைத் தருகிறது. பெபரின் அளவைகளை ஆதாரமாகக் கொண்டு, நெதர்லாந்து நாட்டு வாண்ட் ஹாஃப் இவ்வழுத்தத்திற்குரிய விதியை வகுத்தார். இவரே வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசை 1901இல் பெற்றவர்.

வாண்ட் ஹாஃப் விதியின் சாரம் யாதெனில், அழுத்தம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது; அவற்றின் எடையைப் பொறுத்ததன்று. சர்க்கரையின் மூலக்கூறு பெரிது. ஒரு கிராம் சர்க்கரையில் அடங்கும் மூலக்கூறுகள் குறைவு. சமையலுப்பின் அலகு சிறிது. மேலும் நீரில் கரைந்ததும் அது சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. எனவே, ஒரு கிராம் உப்பு ஒரு கிராம் சர்க்கரையைப் போல் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு சவ்வூடுபரவல் ஆற்றல் உடையது. இவ்வொப்பீட்டை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். உப்பில் அரைக் கரண்டி கூடுதலும் சர்க்கரையில் அரைக் கரண்டி கூடுதலும் ஒன்றாகா.

உப்பிட்ட தோலும் உவர்ந்த நிலமும்

மாதுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் நார்த்தங்காயை உப்பிலிடும்பொழுது, ஓரிரு நாட்களில் ஜாடியில் நீர் தானே ஊறி நிற்பதைக் காணலாம். அந்நீர் காயின் உயிரணுக்களிலிருந்து வெளிவந்ததே. அதே உப்புநீரில் விழும் கிருமிகளின் உடலிலிருந்தும் நீர் வெளியேறுவதால் அவை பெருக இயலுவதில்லை. ஊறுகாய் கெடாமல் இருப்பதன் காரணம் இதுவே.

பச்சைத் தோலின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது நீர். விலங்கின் உடலிலிருந்து உரித்த சில மணி நேரத்திலேயே வெப்பமிக்க மும்பையில் அதில் அழுகல் தொடங்கிவிடும். ஆகவே, அதன் சதைப்புறத்தில் உப்பைத் தாராளமாகப் பரப்பி அடுக்கி வைக்கின்றனர். நீர் தோலிலிருந்து வடிகிறது. உப்பு தோலினுள் விரவுகிறது. இரண்டும் ஒருங்கே நிகழ்வதால் தோல் பதனிடும் நிலையத்தை அடையும்வரை கெடாமல் இருக்கிறது. 1971இல் செம்பூருக்கு அருகே தேவனார் இறைச்சிக்கூடம் இயங்கத் தொடங்கிய பின்னரும், தாராவி தோல் வணிகத்தின் நிலையமாகவே நீடித்தது. அங்கு முன்னர் இருந்த பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; தோற்பொருள்கள் செய்யும் தொழிலே இன்று முதன்மையாக விளங்குகிறது.

உப்பு தன் பணியை முடித்தபின் மறைந்துவிடுவதில்லை. பதனிடுமுன் தோலை நீரில் ஊறவைக்கும்பொழுது அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது. தமிழகத்தின் தோல் தொழில் மிகுந்த பாலாற்றுப் படுகையில் இதன் விளைவு கண்கூடு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பகுதிகளில் கழிவுநீரால் கிணறுகளும் நிலங்களும் பாழானதைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் முக்கியமான தீர்ப்பை வழங்கியது.

நிலம் உவர்ந்தால் பயிர் ஏன் வாடுகிறது என்பதற்கும் மேற்கூறிய விதியே விடையாகும். வேரின் உயிரணுச் சாற்றில் உள்ள கரைபொருள் மண்ணீரில் உள்ளதைவிட மிகுதியாக இருக்கும்வரையே நீர் வேரினுள் எளிதில் புகும். மண்ணில் உப்பு மிகுந்தால் நிலம் ஈரமாக இருந்தும் பயிருக்கு நீர் கிட்டாது. யூரியா முதலிய உரங்களை வேரின் அருகே அளவுக்கு மீறி இட்டு, நீர் பாய்ச்சாது விட்டால் பயிர் கருகுவதும் இதனாலேயே. வேளாண்மைக் களப்பணியாளர் உழவர்க்கு இதனை எடுத்துக் கூறும்பொழுது, நார்த்தங்காய் ஜாடியை உவமையாகக் காட்டினால் எளிதில் விளங்கும்.

உயிருள்ள சவ்வு

இறந்த தோலும் பன்றியின் நீர்ப்பையும் பொருள்களைத் தம் துளைகளின் அளவுக்கேற்பவே வடிகட்டும். உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு அவ்வாறன்று. கொழுப்புப் பொருளாலான இரண்டு அடுக்குகளைக் கொண்ட அச்சவ்வு மில்லிமீட்டரின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு தடிப்பும் இல்லாதது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை அதன் வழியே எளிதில் விரவுகின்றன. உப்பின் அயனிகளும் குளுக்கோஸும் அங்ஙனம் செல்ல இயலாது. அவற்றிற்கெனத் தனித்தனிப் புரத வாயில்கள் சவ்வில் பதிந்துள்ளன. நீருக்கும் அத்தகைய வாயில் உண்டு என்பதை 1990களின் தொடக்கத்தில் பீட்டர் ஏக்ரே என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்து, 2003இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சில வாயில்கள் ஆற்றலைச் செலவிட்டு, குறைந்த செறிவிலிருந்து மிகுந்த செறிவை நோக்கியும் பொருளை ஏற்றிச் செல்கின்றன. ஏற்றக்கேணியில் நீர் இறைப்பதற்கு ஒப்பான செயல் இது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. உயிரணு உப்பை ஏற்றலாம், இறக்கலாம். நீரை நேரே இறைக்கும் வாயில் எதுவும் இல்லை. உப்பையும் பிற கரைபொருளையும் ஒரு புறத்தில் சேர்த்தால் நீர் தானே அவற்றைப் பின்தொடர்கிறது.

மாகிம் கழியிலும் தாணே கழியிலும் வளரும் வெண்கண்டல், அதாவது அவிசென்னியா, இவ்வாற்றலுக்குச் சிறந்த சான்று. அதன் வேர்ச் சவ்வுகள் உப்பின் மிகப் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. தப்பி உள்ளே வந்த உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வறண்ட நாளில் இதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புப் பரல்கள் கையில் ஒட்டும். கண்டல் மரங்களின் தண்டினுள் நீர் பெரும் இழுவிசைக்கு உட்பட்டிருப்பதையும், அவ்விசையே உவர்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க உதவுவதையும் 1960களில் ஷோலாண்டர் முதலியோர் அளந்து காட்டினர்.

குடலும் உப்புநீரும்

மனிதனின் சிறுகுடல் ஒரு மாபெரும் சவ்வுப் பரப்பாகும். வளர்ந்தவர் ஒருவர் பருகும் நீரும், உமிழ்நீர், இரைப்பை நீர் முதலிய சுரப்புகளும் சேர்ந்து நாள்தோறும் 8 அல்லது 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் வருகிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் மீண்டும் இரத்தத்தில் ஏற்கப்பட்டு, 100 அல்லது 200 மில்லிலிட்டர் மட்டுமே மலத்தோடு வெளியேறுகிறது. குடலின் உயிரணுக்கள் சோடியத்தை உள்ளே ஏற்றுகின்றன. நீர் அதனைப் பின்தொடர்கிறது.

வாந்திபேதி எனப்படும் காலரா நோயில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. காலராக் கிருமி ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்னும் இந்திய மருத்துவ அறிஞர் நிறுவினார். அந்நச்சு, குடல் உயிரணுக்களின் குளோரைடு வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலினுள் கொட்டுகிறது. சோடியம் அதனைத் தொடர்கிறது. நீர் இரண்டையும் தொடர்கிறது. கடுமையான நோயில் வளர்ந்தவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். அக்கிருமி குடற்சுவரைத் துளைப்பதில்லை. நீரிழப்பே உயிரைப் பறிக்கிறது.

வெறும் நீரைக் குடித்தால் போதாதா என்ற வினா எழலாம். போதாது. ஏனெனில், நீர் தானே ஏறுவதில்லை. உப்பைத் தொடர்ந்தே ஏறுகிறது. உப்பு நீரைக் கொடுத்தால் போதுமா? அதுவும் போதாது. நோயுற்ற குடலில் சோடியம் தனியே ஏறும் வழி பெரிதும் அடைபட்டிருக்கிறது. ஆனால் மற்றொரு வாயில் பழுதுறாமல் இருக்கிறது. அவ்வாயில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்து ஏற்றுகிறது. குளுக்கோஸும் சோடியமும் இவ்வாறு இணைந்தே செல்கின்றன என்ற கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் வெளியிட்டார். உப்புநீரில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக என்றும் தெம்புக்காக என்றும் பலர் எண்ணுகின்றனர். அது சோடியத்தை ஏற்றும் வாயிலைத் திறக்கும் திறவுகோலாகும்.

இவ்வறிவின் பயன் 1971இல் மெய்ப்பிக்கப்பட்டது. வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோகும் நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. மறைவுக்குப்பின் 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று வழங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அளவுகள் 2002இல் திருத்தி அமைக்கப்பட்டவை. ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் ஆக மொத்தம் 20.5 கிராம். இக்கரைசலில் லிட்டருக்கு 245 மில்லிமோல் துகள்கள் உள்ளன. முந்தைய அளவில் 311 இருந்தது. இரத்த நீர்மத்தில் ஏறக்குறைய 290 உள்ளது. அதாவது, புதிய கரைசல் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்தது. ஆதலின், குடலிலிருந்து இரத்தத்தை நோக்கி நீர் செல்வதற்கு அதுவே வழி செய்கிறது.

இனி, ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை அரை லிட்டர் நீரில் கரைத்தால் விளைவது என்ன என்று கணக்கிடுவோம். 245 என்பது 490 ஆகும். அதனை ஒரே டம்ளரில், அதாவது 200 மில்லிலிட்டரில் கரைத்தால் 1,225 ஆகும். இஃது இரத்தத்தின் செறிவைப்போல் நான்கு மடங்கு. இத்தகைய கரைசல் குடலை அடைந்தால், ஏற்கெனவே நீரிழந்த குழந்தையின் இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் ஈர்க்கப்படும். இரத்தத்தில் சோடியமும் அளவு கடக்கக்கூடும். மருந்து நோயோடு சேர்ந்துகொள்ளும். ‘கெட்டியாகக் கொடுத்தால் விரைவில் குணமாகும்’ என்ற எண்ணத்தால் நேரும் தீங்கு இதுவே. மாறாக, மிகுதியான நீரில் கரைத்தால் சோடியம் போதாது. நீர் ஏறுவதும் குறையும். நெருக்கமான குடியிருப்புகளில் அளவுப் பாத்திரம் இல்லாத வீடுகள் பல. பொட்டலத்தைக் கையில் கொடுப்பதோடு, எவ்வளவு நீர் என்பதை அவ்வீட்டுப் பாத்திரத்திலேயே அளந்து காட்டுதல் களப்பணியாளரின் கடமையாகும்.

கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பொட்டலத்தின்மீது அச்சிட்டுள்ள நீரின் அளவை முதலில் படிக்க வேண்டும். ஒரு லிட்டருக்குரிய பொட்டலங்களும், 200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. பொட்டலம் முழுவதையும் உரிய நீரில் ஒரே தடவையில் கரைத்தல் வேண்டும். சிறிது சிறிதாகப் பிரித்துக் கரைத்தலாகாது.

2. கொதித்து ஆறிய நீரே சிறந்தது. கரைத்தபின் மீண்டும் கொதிக்க வைத்தல் கூடாது. நீர் ஆவியாகிச் செறிவு மிகும். கரைத்து 24 மணி நேரம் கழிந்ததை அகற்றிவிட வேண்டும்.

3. பொட்டலம் கிட்டாதபொழுது, ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு ஒருபோதும் கூடலாகாது.

4. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்று. மாவுப்பொருளின் மூலக்கூறு மிகப் பெரிதாதலின் துகள் எண்ணிக்கை குறைவு. குடலில் சிறிது சிறிதாகவே அது குளுக்கோஸாகப் பிரிகிறது. கடையில் விற்கும் குளிர்பானங்களில் சர்க்கரை மிகுதி, சோடியம் மிகக் குறைவு. அவை இதற்கு ஈடாகா.

5. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மருத்துவ நிலையத்தில் தரப்படும் துத்தநாக மாத்திரையைக் குறித்தபடி 14 நாட்கள் கொடுக்க வேண்டும்.

6. குழந்தை சோர்ந்து மயங்கினாலும், குடிக்க இயலாவிட்டாலும், சிறுநீர் கழியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

விதியை எதிர்த்திசையில் செலுத்துதல்

சவ்வூடுபரவல் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தைக் கரைசலின்மீது செலுத்தினால் நீர் திரும்பிப் பாயும், உப்பு பின்தங்கும். எதிர்ச் சவ்வூடுபரவல் எனப்படும் இம்முறையைக் கண்டல் மரம் தன் வேரில் இயல்பாகவே மேற்கொள்கிறது. மனிதன் இதில் வெற்றி பெற்றது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். உப்பைத் தடுக்கும் செல்லுலோஸ் அசிட்டேட் ஏடுகள் முன்னரே அறியப்பட்டிருந்தன. ஆனால் அவற்றின் வழியே நீர் மிக மெல்லக் கசிந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் சேர்ந்து, துளைகள் மிகுந்த தடித்த ஏட்டின்மேல் மிக மெல்லிய உப்புத்தடுப்புப் படலம் அமைந்த சவ்வை உருவாக்கினர். கடக்க வேண்டிய தூரம் குறைந்ததும் நீரின் ஓட்டம் பன்மடங்காகியது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. அதன் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறக்குறைய 27 வளிமண்டலம். பாதி நீர் பிரிந்தபின் எஞ்சிய நீரின் செறிவு இருமடங்காவதால் அவ்வழுத்தம் 54ஐ நெருங்கும். ஆகவேதான் கடல்நீர் நிலையங்களில் 55 முதல் 70 வளிமண்டலம் வரை அழுத்தம் செலுத்துகின்றனர். இம்முறைக்கு மின்சாரச் செலவு மிகுவதன் காரணமும் இதுவே.

டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையமாகத் தொடங்கி, 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அதன் முயற்சியால் தமிழகத்தின் கல்பாக்கத்தில் அமைந்த நிலையம் நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் நிறுவப்பட்டது. அதில் 45 லட்சம் லிட்டர் வெப்பத்தால் ஆவியாக்கும் முறையிலும், 18 லட்சம் லிட்டர் சவ்வு முறையிலும் பெறுவதற்கு ஏற்றவாறு அது அமைக்கப்பட்டது. சென்னைக்கு நீர் வழங்க மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் திறக்கப்பட்டன. செம்பூரிலுள்ள ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலை நகரின் சாக்கடை நீரைத் தூய்மை செய்து, சவ்வு முறையாலும் வடித்து, தன் தேவைக்குப் பயன்படுத்துவதன் மூலம் குடிநீரைச் சேமிக்கிறது.

எம்முறையாயினும் உப்பு அழிவதில்லை. நன்னீர் ஒரு புறம் பிரிய, மறுபுறம் உவர்நீர் செறிந்து நிற்கிறது. பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இச்செறிந்த நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றனர். அவ்வுப்பை என்செய்வது என்பது இன்னும் பெரும் வினாவாகவே உள்ளது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

மூன்று உருளைக்கிழங்குகளை எடுத்து, அடிப்புறத்தைத் தட்டையாக வெட்டி, மேற்புறத்தில் குழி தோண்டுக. அவற்றுள் ஒன்றை முன்னரே வேகவைத்து ஆறவிடுக. மூன்றையும் தட்டில் சிறிது நீர் ஊற்றி நிறுத்துக. பச்சைக் கிழங்கு ஒன்றின் குழியிலும் வெந்த கிழங்கின் குழியிலும் கெட்டியான சர்க்கரைக் கரைசலைப் பாதியளவு இட்டு, அதன் மட்டத்தைக் குண்டூசியால் குறிக்க. மற்றொரு பச்சைக் கிழங்கின் குழியை வெறுமையாக விடுக. சில மணி நேரத்திற்குப்பின், சர்க்கரைக் கரைசல் உள்ள பச்சைக் கிழங்கில் மட்டும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். வெறுங்குழியில் நீர் சேராது. கரைபொருள் வேறுபாடு இல்லையேல் ஓட்டமும் இல்லை என்பது இதனால் விளங்கும். வெந்த கிழங்கில் சவ்வுகள் சிதைந்துவிட்டமையால் மட்டம் அவ்வாறு உயராது. நீரைச் செல்லவிட்டுச் சர்க்கரையை நிறுத்தும் சவ்வு இன்றேல் சவ்வூடுபரவல் இல்லை என்பதை மாணவர்கள் இதிலிருந்து தாமே உணர்வர்.

இச்சோதனையைச் செய்து முடித்ததும், அதே வகுப்பில் ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் மேசைமீது வைத்து, கரைக்கும் முறையையும் காட்டுதல் நன்று. வீட்டிலுள்ள சொம்பு எத்தனை நிரம்பினால் ஒரு லிட்டர் ஆகும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அளந்து எழுதி வரச் செய்யலாம். நோய் வந்த இரவில் அக்கணக்கு அவ்வீட்டாருக்கு உதவும்.